உடைந்த பதினேழு கற்கள்

என் அன்புக்குரிய தம்பி குகனுக்கு,

நீங்கள் போய் இன்றோடு இருபத்தாறு நாள். ஆங் மோ கியோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். எதிரே உங்கள் மனைவி பவானியம்மா நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சை எழுத்துக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்துகொள்ளட்டும், ஆனால் ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தன்னைப் பற்றி வரும் இடத்தில் அவர் பேனா நிற்கிறது. "அதையும் எழுதுங்கம்மா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு உங்கள் பெயரில் ஒரு சிறு புத்தகம் வருகிறது. உங்கள் படம், தேவாரம், பிள்ளைகள் எழுதியது, கூட வேலை பார்த்தவர்கள் எழுதியது எல்லாம் அதில் இருக்கும். காகிதத்தில் அடித்தாலும் உங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கல்வெட்டு என்கிறார்கள். நாளைக் காலையில் அச்சகத்துக்குப் போகிறதாம்.

"நீங்களும் நாலு வரி சொல்லுங்கோ அண்ணை. நீங்க சொல்லாம அவர் புத்தகம் முடியாது" என்றுதான் பவானியம்மா வந்தார். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, அலுவலகத்தில் உங்களோடு ஒரே அறையில் இருந்த, உங்களைப் போலவே கல்லைப் பற்றிப் படித்த நண்பர் எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டினார். நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு வரி வந்தது. குகன் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கல்லைத் தவறாகப் படித்தார், அதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார் என்று.

"பெருமையாத்தானே சொல்லியிருக்கார்?" என்றார் பவானியம்மா. "அவரும் அப்படித்தான் சொல்லுவார். நான்தான் பிழை விட்டன், நான்தான் பிழை விட்டன் எண்டு."

என் கோப்பி அப்படியே ஆறிப்போனது. தம்பி, நீங்கள் அந்தக் கல்லைத் தவறாகப் படிக்கவில்லை. தவறான கல்லை உங்கள் கையில் கொடுத்தது நான். இதை இன்று சொல்லாவிட்டால் நாளை அச்சாகிவிடும். அச்சானதை யார் அழிப்பது?

புத்தகத்தை வாங்கிப் பார்க்கிற உறவுக்காரர்களுக்கு நாம் செய்த வேலை தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடலோரத்தில், தெம்பனிஸில் பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பெரிய கொட்டகை. கடலுக்கு அடியில் மைல் கணக்கில் துளைபோட்டு எடுத்த நீளக் கல்லுருளைகள் அங்கே வந்து இறங்கும். கோர் என்போம். அதைக் கழுவி, வரிசையாக அடுக்கி, ஓர் அடிக்கு ஒரு குறி வைத்து, அதற்கு ஒரு வரிசை எண் போடுவார்கள். குறி வைத்த இடத்தில் மெஷினை வைத்துக் கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டு குடைந்து எடுப்பது என் வேலை. அந்தத் துண்டுக்குப் பிளக் என்று பேர். பிளக்கைக் கொதிக்கவைத்து எண்ணெய் போகக் கழுவி, காயவைத்து, அதற்குள் காற்றை அனுப்பி அளப்பார்கள். கல்லுக்குள் எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளி வழியாக எவ்வளவு சுலபமாக எண்ணெய் ஓடும் என்று அதிலிருந்து கணக்கு வரும். அந்தக் கணக்கை வைத்து, அந்தக் கடலில் மேற்கொண்டு துளைபோடலாமா, விட்டுவிட்டுப் போகலாமா என்று எழுதிக்கொடுப்பது உங்கள் வேலை.

கல்லுக்குள் எண்ணெய் எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோது, தேக்காவில் பரோட்டா போடுகிற கடைக்கு முன்னால் என்னை நிறுத்திவைத்துச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? "அந்த மாவை ரெண்டு பக்கமும் இழுக்கிறார் பாருங்கோ அண்ணை. நடுவில மெலியுது, கிழியுது, தாழுது. நிலமும் அப்படித்தான். இழுபட்டுப் பிளந்து நடுவில பள்ளமாகும். ரெண்டு பக்கத்து மேட்டில இருந்தும் ஆறு மணலைக் கொண்டுவந்து பள்ளத்தில கொட்டும். பிளவின்ட ஓரத்தில விழுந்தது கல்லும் சேறும் கலந்து கிடக்கும். உள்ளுக்குத் தள்ளிப் போனதுதான் சலிச்ச மணல்."

"சலிச்ச மணல்னா நல்லதா சார்?"

"நல்லதுதான். ஆனா புதைஞ்சு கிடக்கேக்க சுண்ணாம்புத் தண்ணி புகுந்து மணலுக்கு இடையில இறுகிட்டா எல்லாம் போச்சு. அறை இருக்கும், கதவு இருக்காது. எண்ணெய் எப்படி வெளியில வரும்?"

பரோட்டாக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார். "சாப்பிடுறீங்களா, இல்ல என் மாவ விலைக்கு வாங்குறீங்களா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவி அவர் மாவு மேசையில் விழுந்தது.

கொட்டகைக்குள் நான் உங்களை சார் என்பேன். வெளியே வந்துவிட்டால் தம்பி. ஆனாலும் உங்களை 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. நீங்கள் இரண்டு இடத்திலும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டீர்கள். மற்ற பெரிய படிப்புக்காரர்கள் என்னை அங்கிள் என்பார்கள், இல்லாவிட்டால் ஏய் என்பார்கள்.

உங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கோர் வந்து இறங்கியதும் ஒரு துண்டைத் தூக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். நாக்கில் ஒட்டினால் அந்தக் கல் தண்ணீரை இழுக்கிறது, உள்ளே இடம் இருக்கிறது என்று அர்த்தம். கொட்டகையில் உங்களுக்குக் கல் நக்கி என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் சும்மா இருந்ததில்லை. "உப்பு காரம் சரியா இருக்கா சார்?" என்று கேட்பேன். "கொஞ்சம் புளி தூக்கல் அண்ணை" என்பீர்கள்.

அந்தக் கிணற்றின் கோர் வந்த நாள் எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. வடக்கே ஒரு கடலில், நீங்கள் சொன்ன அந்தப் பிளந்த பள்ளத்தில் எடுத்தது. சாம்பல் நிறக் கல், நடுநடுவே மங்கிய மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டைத் துண்டை நாக்கில் வைத்தீர்கள். ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பிடுங்கினீர்கள். பிறகு என் கையில் கொடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினீர்கள். சொட்டு நிற்கவே இல்லை, உடனே உள்ளே போய்விட்டது.

"குடிக்குது பாருங்கோ அண்ணை! தாகமா இருந்த கல்லு!"

பக்கத்துச் சாம்பல் பட்டையில் இன்னொரு புட்டியிலிருந்து அமிலம் ஒரு சொட்டு விட்டீர்கள். சுர்ரென்று பொங்கியது. சுண்ணாம்பு. மஞ்சளில் விட்டீர்கள். பொங்கவில்லை. "இது வேற, அது வேற. இந்த மஞ்சளை மட்டும் நம்பலாம்" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் மத்தியானம் சாப்பிடவே போகவில்லை.

மறுநாளிலிருந்து நான் குடைய ஆரம்பித்தேன். நீங்கள் நகரத்து அலுவலகத்துக்குப் போய்விட்டீர்கள்.

சாம்பல் கல் கெட்டி. மெஷினை வைத்தால் முழுசாகப் பிளக் வந்துவிடும். மஞ்சள் அப்படி இல்லை. மெத்தென்று இருக்கும். குடையும்போது ஊற்றுகிற தண்ணீரிலேயே கரைந்து, மெஷினைத் தூக்கினால் கையில் ஈர மணல்தான் வரும். முதல் மஞ்சள் பிளக் அப்படித்தான் போயிற்று. அடுத்த சிலதும் அப்படியே போயின. எங்கள் மேற்பார்வையாளர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து, யார் கையில் எத்தனை பிளக் உடைந்தது என்று பேருக்கு நேரே கோடு போடுவார். அவரும் நானும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். "பத்தா லாகி?" என்றார், திரும்பவும் உடைஞ்சுதா என்று. மற்ற இரண்டு பேர் பேருக்கு நேரே ஒன்றுமில்லை. என் பேருக்கு நேரே வேலி மாதிரி கோடு. "அங்கிளுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது லா" என்று பக்கத்து மெஷின்காரன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். எனக்கு அப்போது ஐம்பது வயதுகூட இல்லை.

மெத்தென்ற கல் உடையத்தான் செய்யும். அதற்கு வழியும் இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் தள்ளிக் குடையலாம். அது குற்றம் இல்லை. ஆனால் பிளக்கோடு அனுப்புகிற தாளில் ரிமார்க்ஸ் என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். குறித்த இடத்தில் கல் உடைந்தது, இத்தனை அங்குலம் தள்ளி எடுத்தேன் என்று அதில் எழுத வேண்டும். அதை வாசித்தால் உங்களைப் போன்றவர்களுக்கு, சரி, இந்த எண் அந்தக் கல்லுடையது அல்ல என்று தெரிந்துவிடும்.

எனக்கு எண் தெரியும் தம்பி. ஒன்றிலிருந்து லட்சம் வரைக்கும் எழுதுவேன். எழுத்து தெரியாது. தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது ஆறாம் வகுப்பு என்று சொல்லியிருந்தேன். பள்ளிக்கூட வாசலை நான் மிதித்தது, அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்க மண் வெட்டியபோதுதான்.

பக்கத்து மெஷின்காரனிடம் எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். கை நடுங்குது என்று சிரித்த வாயிடம் போய், எனக்கு எழுதப் படிக்கவும் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

அதனால் இப்படிச் செய்தேன். மஞ்சளில் குறி இருந்த இடத்தை விட்டு, மேலேயோ கீழேயோ நாலு விரல், ஆறு விரல் தள்ளி, சாம்பலில் குடைந்தேன். முழுசாக வந்தது. மஞ்சளின் எண்ணை அந்தச் சாம்பல் பிளக்கின் தலையில் எழுதினேன். ரிமார்க்ஸ் கட்டத்தைக் காலியாக விட்டேன். பதினேழு இடம். பலகையில் அதற்கு மேல் கோடு விழவில்லை. மேற்பார்வையாளர் முதுகில் தட்டி, "பாகுஸ், அங்கிள்" என்று பாராட்டினார். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். மிச்சக் கோரைப் பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, உயரத் தட்டில் ஏற்றியாகிவிட்டது.

இந்த இடத்தில் பவானியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை" என்றார். "உங்களுக்கு எழுத்துத் தெரியாது எண்டு அவருக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. யாரிடமும் நான் சொன்னதில்லை. என் சம்சாரத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு இந்த நோட்டோடு பவானியம்மா ஏன் நேரே என் வீட்டுக்கே வந்தார், ஏன் "எழுதித் தாங்கோ" என்று கேட்காமல் "சொல்லுங்கோ" என்று கேட்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் சொன்னார். நீங்கள் அந்தக் கொட்டகைக்கு வந்த புதிதில் நடந்ததாம். கோரில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கோடு நீளத்துக்கும் போட்டிருக்கும். சிவப்பு வலது கைப்பக்கம் வந்தால் கல்லின் தலை மேலே என்று கணக்கு. நான் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பெட்டியை அடுக்குவேன். ஒருநாள் யாரோ ஒரு பெட்டியில் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஆனால் பெட்டியின் ஓரத்தில், இந்தப் பக்கம்தான் மேலே என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததாம். நான் எழுத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து அடுக்கினேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

"அண்டைக்கு வீட்டுக்கு வந்து சொன்னார்" என்றார் பவானியம்மா. "அந்த மனுசனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, பவானி. ஆனா அதைக் கேட்டா அவர் வேலையை விட்டுட்டுப் போயிடுவார். நான் ஏதாவது செய்யிறன் எண்டு."

அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் எல்லாப் பெட்டியிலும் அம்புக்குறி வந்தது. ஊதா மையில், தலையைப் பார்த்து ஓர் அம்பு. அலுவலகத்தில் புதுச் சட்டம் என்றார்கள். சட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து, இந்த மேசையில்தான் தெரிகிறது, அது எனக்காகப் போட்ட அம்பு என்று.

தம்பி, இப்போது நான் சொல்லப்போவதுதான் என்னால் தாங்க முடியாதது. பவானியம்மா அந்த அம்பைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால், எனக்குப் பாதி வெட்கத்தோடு போயிருக்கும்.

கணக்கு வந்ததும் நீங்கள் நகரத்திலிருந்து கொட்டகைக்கு வந்தீர்கள். மழை. குடையைக்கூட மடக்காமல் நேரே என் மெஷினுக்கு வந்தீர்கள். கையில் ஒரு டப்பா நிறையப் பிளக், கொதிக்கவைத்துக் கழுவியதில் எல்லாம் ஒரே வெளிறிய நிறம். என் முன்னாலேயே ஒவ்வொன்றின் மேலும் அமிலம் ஒரு சொட்டு விட்டீர்கள். எல்லாம் பொங்கியது.

"பொங்குது அண்ணை. எல்லாம் சுண்ணாம்பு. நான் பார்த்த மஞ்சள் பொங்கேல்ல. ஒரு சொட்டுக்கூடப் பொங்கேல்ல. நீங்களும் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன் சார்."

தாளை எடுத்துக் காலியாகக் கிடந்த ரிமார்க்ஸ் கட்டத்தை விரலால் தடவினீர்கள். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். "அண்ணை, மஞ்சள்ல ஏதாவது உடைஞ்சுதா? இடம் மாத்தி எடுத்தீங்களா? எழுதினது வேண்டாம், வாயால சொல்லுங்கோ போதும்."

எழுதினது வேண்டாம், வாயால சொல்லுங்கோ. அன்றைக்கு அந்த வார்த்தையை நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் எனக்காக இன்னோர் அம்பு போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். கட்டத்தில் எழுத முடியாதவன் வாயால் சொல்லட்டும் என்று அந்த மழையில் வந்திருக்கிறீர்கள். பக்கத்து மெஷின் நின்றிருந்தது. அவன் காது இந்தப் பக்கம் இருந்தது.

"இல்ல சார்" என்றேன். "எல்லாம் குறி வெச்ச எடத்துலதான்."

நீங்கள் உயரத் தட்டைப் பார்த்தீர்கள். ஆணி அடித்த பெட்டிகள். ஒரு பெட்டியை இறக்கித் திறந்திருந்தால், குடைந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லியிருக்கும். மேற்பார்வையாளர் வந்து மலாயில், "இறக்கணுமா சார்?" என்று கேட்டார். நான் மெஷினைத் துடைக்கத் தொடங்கினேன்.

"வேண்டாம்" என்றீர்கள். "அண்ணை சொன்னா சரி."

பெட்டியைத் திறந்து பார்க்காமல் என்னை நம்பிவிட்டீர்கள். உங்கள் நாக்கையே நம்பாமல் என்னை நம்பினீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். நல்ல மணல் இல்லை, அறை இருக்கிறது கதவு இல்லை என்று எழுதிக்கொடுத்தீர்கள். உங்கள் கம்பெனி ஆட்கள் அந்தக் கடலை விட்டுவிட்டு வந்தார்கள். நாலைந்து வருஷம் கழித்து வேறு ஆட்கள் அதே பள்ளத்தில், கொஞ்சம் தள்ளித் துளைபோட்டார்கள். எண்ணெய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தே தாரே குடித்துக்கொண்டே பேப்பரை வாசித்துக் காட்டினீர்கள்.

"அதே மணல் அண்ணை. அதே மஞ்சள் மணல்."

நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் பிழை விட்டுட்டன். எங்களுக்குக் கிடைச்ச துண்டில சுண்ணாம்பு ஏறியிருந்திருக்கு. அது முழுப் பள்ளத்துக்கும் எண்டு நினைச்சன்."

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். பக்கத்து மெஷின்காரன் இல்லை, பலகை இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க தம்பி, கல்லு யாருக்குச் சொந்தம்?" என்றேன். அதைப் பெரிய ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு எனக்கு இன்னொரு தேத்தண்ணி வாங்க நீங்களே போய் வரிசையில் நின்றீர்கள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

அலுவலகத்தில் உங்களை நேராக ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு புதுக் கோர் வந்தால் வேறு ஆளை அனுப்பினார்கள். உங்களைப் பழைய வரைபடங்கள் அடுக்குகிற அறையில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தீர்கள். கொட்டகைக்கு எப்போதாவது வந்தாலும் கல்லை நாக்கில் வைப்பதில்லை. கல் நக்கி என்ற பேரும் மறைந்துபோயிற்று. உப்பு காரம் பற்றி நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் சிராங்கூன் ரோட்டில் அம்மி, உரல் விற்கிற கடைக்கு முன்னால் நின்றோமே. பவானியம்மாவுக்குச் சின்னதாக ஓர் இடிகல் வாங்க வந்தீர்கள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினீர்கள். நாக்கில் வைப்பீர்கள் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சாமி கும்பிடுகிற மாதிரி காத்திருந்தேன். கடைக்காரர் கல்லின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டீர்கள். "எனக்கு என்ன தெரியும், நல்லதாப் பார்த்து நீங்களே குடுங்கோ" என்று அவரிடம் சொன்னீர்கள்.

அன்றைக்கு ரயிலில் ஆங் மோ கியோவில் இறங்காமல் கடைசி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பவானியம்மா எழுந்து வெளியே போய்விட்டார். எட்டாம் மாடித் தாழ்வாரத்தில், என் வீட்டுத் துணிக் கம்புகளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும் உட்காரவில்லை.

"ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கட வீட்டுக்கு வந்தீங்க. அவர் தன்ட கையால இலை போட்டார். ஒரு நாளாவது வாய் வந்துதா உங்களுக்கு?"

"வரலைம்மா."

"அவர் ராத்திரி நித்திரையில கதைச்சது உங்களுக்குத் தெரியாது. மஞ்சள், மஞ்சள் எண்டு. பிள்ளைகள், அப்பாவுக்கு என்ன மஞ்சள் எண்டு கேட்பினம்."

"அடிக்கணும்னா அடிச்சிடுங்கம்மா."

"அடிச்சா உங்களுக்கு லேசாப் போயிடும்" என்றார். இதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர் எழுதுகிறார்.

மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்காமல் அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். எனக்கும் அது சரி என்றே படுகிறது. கேட்க வேண்டிய இடம் நீங்கள். நீங்கள் இருந்தபோது கேட்காதவன் இப்போது யாரிடம் கேட்டு என்ன?

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு புதுப் பக்கம் திருப்பினார். "பதினேழு இடம் எண்டு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

எழுத்து தெரியாதவனுக்கு மறதி கிடையாது தம்பி. எழுதிவைத்து மறக்க எனக்கு வழியில்லையே. "ரெண்டாயிரத்து நூத்தி நாப்பத்தொம்போது. நாலு விரல் மேலே எடுத்தேன்" என்றேன்.

அவர் எழுதினார். "சொல்லுங்கோ. அடுத்தது."

"ரெண்டாயிரத்து நூத்தி அம்பத்தொண்ணு. ஆறு விரல் கீழே."

"அடுத்தது."

பதினேழும் சொன்னேன். எந்த எண், எத்தனை விரல், மேலேயா கீழேயா, எல்லாம். அந்த ரிமார்க்ஸ் கட்டத்தில் நான் எழுதாமல் விட்டதை, இத்தனை வருஷம் கழித்து உங்கள் மனைவி கையால் எழுதி முடித்திருக்கிறார். உங்கள் அறை நண்பர் எழுதிய அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். வெளியே போய் அவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாராம். அந்தப் பெட்டிகள் இன்னும் தட்டில்தான் இருக்கின்றன, தானே போய்த் திறந்து பார்ப்பதாகச் சொன்னாராம்.

பார்க்கட்டும். அந்தப் பதினேழு ஓட்டையும் சாம்பலில் இருக்கும். முதலில் உடைந்த சில இடம் போக, மஞ்சள் யார் கையும் படாமல் கிடக்கும். தண்ணீர் விட்டால் இன்றைக்கும் குடிக்கும்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்கு வருவேன். புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, அவரவர் வாசித்துக்கொள்வார்கள் என்று மூலையில் உட்கார்ந்திருக்க மாட்டேன். நீங்கள் எழுதினது வேண்டாம் என்றுதானே கேட்டீர்கள்? உங்கள் பிள்ளைகள் முன்னால், உங்கள் கூட்டாளிகள் முன்னால், என் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, எனக்கு எழுத்து தெரியாது என்பதில் ஆரம்பித்துப் பதினேழு எண்ணையும் வாயால் சொல்வேன். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். ஆமாம் சார், உடைஞ்சுது. ஆமாம் சார், இடம் மாத்தி எடுத்தேன்.

கீழே என் பேரைப் பவானியம்மா எழுதுவார். அதன் பக்கத்தில் ஊதாப் பேனா வாங்கி என் கையால் ஓர் அம்பு போடுகிறேன், தலை மேலே பார்த்து. அச்சகத்துக்காரர் அது என்ன என்று கேட்டால், கையெழுத்து என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நாக்கு சொன்னது சரி, தம்பி.

நீங்கள் நம்பிய, அந்த நம்பிக்கைக்கு இன்றுதான் பதில் சொல்கிற,
உங்கள் அண்ணை
மாரிமுத்து ↑